ஹரோ மலையின் ஈயக் கூம்பு

லண்டனின் வடமேற்கிலுள்ள ஹரோவுக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு தை மாதத்தில். பின்னேரம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஒரே அச்சில் வார்த்தெடுத்தவை போன்ற செங்கல் வீடுகள் தெருத்தெருவாக நிற்க, எந்த மூலையில் திரும்பினாலும் சற்று முன் கடந்த தெருவுக்கே மீண்டும் வந்துவிட்டதாகத் தோன்றும். எனக்கு அறை வாடகைக்குத் தந்த அண்ணை முதல் நாளே சமையலறை யன்னலருகே அழைத்துச் சென்று, மலையுச்சியில் மரங்களுக்கு மேலே தெரிந்த ஒரு சாம்பல்நிறக் கூம்பைக் காட்டினார். "தம்பி, வழி தவறினா பதறாதையுங்கோ. அந்தக் கூம்பு எந்தப் பக்கம் நிக்குதெண்டு பாத்து நடந்தா வீட்டுக்கு வந்திடலாம்" என்றார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து விடியலில் நடந்து வந்த அந்த முதல் மாதங்களில் நான் நம்பிய ஒரே அடையாளம் அதுதான்.

அது தூய மரியாள் ஆலயத்தின் கூம்பு என்பதும், ஹரோ என்ற ஊர்ப்பெயரின் வேரே 'கோவில்' என்பதும் பின்னர் தெரியவந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஹெயர்க்' என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய மக்கள் வழிபட்ட தலம். 767ஆம் ஆண்டின் சாசனம் ஒன்று இவ்விடத்தைக் குமெனிங்கர் என்ற குழுவினரின் கோவில் என்ற பொருளில் குறிக்கிறது. அந்தக் குழுவினர் யார், எந்தத் தெய்வத்தைத் தொழுதார்கள் என்பதெல்லாம் மறைந்துபோக, ஊரின் பெயரில் மட்டும் அவர்களுடைய கோவில் தங்கிவிட்டது. ஊரைவிட்டு வந்தவனுக்கு இது சின்னச் செய்தி அல்ல.

இன்றைய ஆலயத்தைக் கட்டத் தொடங்கியவர் கன்ரபரிப் பேராயர் லான்ஃபிராங்க். ஹரோ அப்போது பேராயரின் சொந்த நிலமாக இருந்தது. அவர் இறந்த பின், புதிய பேராயரான அன்செல்ம் 1094ஆம் ஆண்டு தை 4ஆம் நாள் அதை அருட்பொழிவு செய்தார். அந்த நாள் அமைதியாகக் கழியவில்லை. ஊர் லண்டன் மறைமாவட்டத்துக்குள் இருப்பதால் அந்த உரிமை தனக்கே உரியது என்று லண்டன் ஆயர் வாதிட்டார். 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோர்மானியருக்கு முந்தைய ஆங்கிலேய ஆயர்களுள் எஞ்சியிருந்த முதியவரான வூஸ்ரர் ஆயர் வுல்ஃப்ஸ்ரனிடம் பழைய வழக்கம் என்னவென்று கேட்டு அன்செல்ம் கடிதம் எழுத, அவர் பேராயரின் பக்கமே மறுமொழி தந்தார். அன்செல்மின் வரலாற்றை எழுதிய ஈட்மர் என்ற துறவி அந்த நாளைப் பற்றி இன்னொரு கதையும் சொல்கிறார். கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஒருவன் திருத்தைலப் பாத்திரத்தைத் திருடிக்கொண்டு லண்டனை நோக்கி நடந்தானாம். ஆனால் போகப் போகத் திசை மாறி, தான் ஹரோவை நோக்கியே திரும்பி வருவதைக் கண்டானாம். இப்படி முன்னும் பின்னும் அலைந்ததாலேயே அவன் பிடிபட்டான். அண்ணை சொன்னதை நினைத்தபடி இந்தக் கதையை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மலையேறி முதன்முதலாக உள்ளே போனது ஒரு ஞாயிறு பிற்பகலில். யாழ்ப்பாணத்தில் நாங்கள் மாதா கோவில், அந்தோனியார் கோவில் என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றப் போனேன். உள்ளே இருந்த முதிய பெண்மணி, குளிரும் என்று கையால் காட்டித் தடுத்துவிட்டு, மேற்குக் கோபுரத்தின் அடிப்பகுதியில் இருந்து தொடங்கி எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். கட்டடத்தை வாசிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான்.

கோபுரத்தின் அடிப்பகுதி நோர்மானியர் காலத்தது. அங்கே சுவர் மிகத் தடிப்பானது, திறப்புகள் சிறியவை. அதைத் தாண்டி மையக்கூடத்துக்குள் வந்தால் 13ஆம் நூற்றாண்டு தொடங்குகிறது. உருண்ட தூண்களின் மேல் கூர்முனை வளைவுகள் வரிசையாகச் செல்கின்றன. வட்ட வளைவைவிடக் கூர்முனை வளைவு பாரத்தைச் செங்குத்தாகக் கீழே இறக்குவதால் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை குறைகிறது. அகலம் மாறினாலும் உயரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு கண்டுபிடிப்பினால் கட்டடத்துக்குள் எவ்வளவு வெளி பிறந்துவிட்டது என்பதை இரண்டு பகுதிகளையும் பத்தடி தூரத்தில் ஒருங்கே பார்க்கும்போதுதான் உணர முடியும். அந்த வளைவுகளுக்கு மேலே 15ஆம் நூற்றாண்டினர் சுவரை உயர்த்தி, மேல்வரிசைச் சாளரங்களைத் திறந்து, செதுக்கிய உருவங்கள் தாங்கும் மரக்கூரையை வேய்ந்தார்கள். மலைக்குக் கீழே எனக்கு வழிகாட்டிய கூம்பும் அவர்கள் காலத்தது. அது கல் அல்ல. மரச்சட்டகத்தின் மேல் ஈயத்தகடு போர்த்தியது. கல்லை விடப் பாரம் குறைவு என்பதால் பழைய கோபுரம் அதைத் தாங்கி நிற்கிறது. மழையும் காற்றும் பட்ட ஈயம் காலப்போக்கில் வெளுத்துச் சாம்பல்நிறமாகிறது.

வெளியே தெரியும் சக்கிமுக்கிக் கல் முகப்பைக் கண்டு இதுதான் ஆகப் பழையதாக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அதுவே மிகப் புதியது. 1840களின் பிற்பகுதியில் ஜோர்ஜ் கில்பேர்ட் ஸ்கொட் என்ற கட்டடக் கலைஞர், பின்னாளில் லண்டன் சென் பன்கிராஸ் ரயில் நிலையத்து விடுதியை வடிவமைத்தவர், இவ்வாலயத்தைத் திருத்தியபோது சுவர்களுக்கு அந்தக் கல்லுறை போட்டார், பலிபீடப் பகுதியைப் பெரிதும் மாற்றிக் கட்டினார். விக்ரோரியா காலத்துத் திருத்தங்கள் பல ஆலயங்களின் பழமையைத் தின்றுவிட்டன என்பது உண்மை. இங்கே வெளிப்புறத்தில் அந்த இழப்பு எனக்கும் வருத்தமே. ஆயினும் தூக்கி எறியப்பட்டுத் தோட்டமொன்றில் கிடந்த 12ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானத் தொட்டி ஆலயத்துக்குத் திரும்பியதும் அதே ஆண்டுகளில்தான். டோர்செற் கரையின் பேர்பெக் கல்லில் குடைந்த, முறுக்கிய தண்டுடைய அந்தத் தொட்டியைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஒருமுறையும் வெளியேறியதில்லை.

மலையில் இருக்கும் ஹரோ பள்ளியை நிறுவிய ஜோன் லையனின் பித்தளைப் பட்டயம் உள்ளே இருக்கிறது. அப்பள்ளியில் படித்த கவிஞர் பைரன் மணிக்கணக்காகச் சாய்ந்து கிடந்த, பீச்சி என்பவரின் கல்லறை வெளியே, மேற்குச் சரிவைப் பார்த்தபடி இருக்கிறது. நினைவுக்காகக் கல்லை உடைத்துச் செல்வோரிடமிருந்து காக்க அதற்கு இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள். ஆனால் என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது நான் அவரை நேராக அழைத்துச் சென்றது தெற்கு வாசலுக்கு.

பைரனின் மகள் அலெக்ரா, திருமணத்துக்கு வெளியே பிறந்தவள். 1822 சித்திரையில், ஐந்து வயதில், இத்தாலியில் ஒரு கன்னியர் மடத்தில் இறந்தாள். தான் சிறுவனாக உலவிய ஆலயத்துக்குள் அவளை அடக்கம் செய்து ஒரு பலகை பதிக்க வேண்டும் என்றும், அதில் சாமுவேல் இரண்டாம் ஆகமத்தில் தாவீது தன் இறந்த குழந்தையைப் பற்றிச் சொன்ன வரியை, தான் அவளிடம் போவதன்றி அவள் தன்னிடம் திரும்பி வரமாட்டாள் என்ற பொருளில், பொறிக்க வேண்டும் என்றும் பைரன் எழுதினார். ஆலயப் பொறுப்பிலிருந்தோர் மறுத்துவிட்டார்கள். கடல் கடந்து வந்த அந்த உடல் வாசலருகே அடையாளமின்றிப் புதைக்கப்பட்டது. 1980இல்தான் அவள் பெயர் தாங்கிய பலகை ஒன்று வைக்கப்பட்டது.

நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு பேர் தானே கேட்டவர். அதுக்கு நூற்றம்பது வருஷமோ?" என்றார். பிறகு சீலைத் தலைப்பால் பலகையிலிருந்த மழை ஈரத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, கூம்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.