பத்து நிமிட வானம்

தாழ்வட்டப் பாதையில் சுற்றும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைத் தரையிலிருந்து கவனிக்கிறவர்களுக்கு நாள் என்பது பாஸ்களின், அதாவது கோள் நம் வானத்தைக் கடந்துபோகும் சில நிமிடங்களின், வரிசைதான். உயரம் 550 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 95 நிமிடம். அடிவானத்தில் ஏறி மறுபக்கம் இறங்க, தலைக்கு நேர் மேலே போனால்கூடப் பன்னிரண்டு நிமிடம்தான். 35,786 கிலோமீட்டரில் நிலையாக நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்களோடு பழகியவர்கள் இங்கே வந்து திணறுவது இதில்தான். கேட்க வேண்டியதையெல்லாம் கோள் வருவதற்கு முன்பே வரிசைப்படுத்தி வைத்தாக வேண்டும்.

எனக்கு இன்றும் அலுக்காத காட்சி, வந்து சேரும் சிக்னலின் அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் கோடாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரை. 437 மெகாஹெர்ட்ஸ் சிக்னல், கோள் நெருங்கி வரும்போது டாப்ளர் விளைவால் (நெருங்கி வரும் ரயிலின் ஊதல் சுருதி ஏறிக் கேட்பதுபோல்) பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறியிருக்கும். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று தெரியும். உச்சிக்கு வரும்போது சட்டென்று வளைந்து மறுபக்கம் சரியும். அந்த வளைவு கணித்ததைவிடச் சில நொடி முந்தி வந்தால் நம் பாதைக் கணக்கு பழசாகிவிட்டது என்று பொருள். சூரியன் சீறினால் மேல் வளிமண்டலம் சூடாகி விரியும். உராய்வு கூடிக் கோள் கொஞ்சம் தாழும். தாழ்ந்தால் வேகம் கூடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே விழுந்ததும் இந்த உராய்வால்தான். அவை அப்போது இன்னும் தாழ்வாக இருந்தன.

கோடு தெரிந்ததும் நான் முதலில் தேடுவது பேட்டரி வோல்டேஜ். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருமுறை எங்கள் குழுத்தலைவியிடம் கேட்டார்: "மேடம், இவ்வளவு டேட்டா தேங்கியிருக்கே, நிழல்ல போகும்போதும் டிரான்ஸ்மிட்டரை ஓட்டலாமே?"

"ஓட்டலாம்பா. எத்தனை வருஷத்துக்கு?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. பெரும்பாலான சுற்றுகளில் அரை மணி நேரத்துக்கு மேல் பூமியின் நிழல். நாளுக்குப் பதினைந்து சுற்று. ஆண்டுக்கு 5,000 முறைக்கு மேல் பேட்டரி இறங்கி ஏறுகிறது. சில நூறு முறை சார்ஜ் போட்டதுமே கைபேசி பேட்டரி தளர்ந்துவிடுவதை நாம் பார்க்கிறோம். மேலே போய் மாற்ற வழியில்லாததால் பொதுவாகக் கொள்ளளவில் 20, 30 சதவீதத்துக்கு மேல் இறங்க விடுவதில்லை. உறைநிலைக்குக் கீழே லித்தியம் அயான் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினாலும் கெட்டுவிடும். அதனால் நிழலில் ஹீட்டருக்கும் பங்கு ஒதுக்க வேண்டும். டேட்டா கேட்டுக் காத்திருப்பவர்களின் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் வோல்டேஜ் தாழ்ந்திருந்தால் இறக்க வேண்டிய டேட்டாவின் பட்டியலை வெட்டத் தயங்கக் கூடாது என்பதே என் கருத்து.

சில பாதைகளில் ஆண்டில் சில வாரங்கள் நிழலே விழாது. தேங்கிய வேலைகளை அப்போது தீர்ப்போம். ஓயாத வெயிலில் கோள் சூடேறும் என்பதால் கண் மட்டும் வோல்டேஜை விட்டு வெப்பநிலைக்குப் போய்விடும்.