1500 மணி நேரமும் ரிசர்வ் ட்யூட்டியும்

அமெரிக்க ஏர்லைன்களில் துணை விமானியாக உட்காரவே 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ராணுவ விமானிகளுக்கு 750 போதும். 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407-ஆம் விமானம் விழுந்த பிறகு வந்த விதி. வேடிக்கை, அந்த விமானிகள் இருவருக்குமே 1500-க்கு மேல் இருந்தது! ஸ்டால் (இறக்கைகள் தூக்கும் விசையை இழப்பது) எச்சரிக்கை வந்ததும் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தாமல் கேப்டன் யோக்கை (கட்டுப்பாட்டுப் பிடியை) பின்னால் இழுத்ததுதான் வினை. அது பயிற்சிக் கோளாறு, மணிக்கணக்குக் கோளாறு அல்ல.

வேலை கிடைத்தாலும் ஜூனியருக்குப் பெரும்பாலும் ரிசர்வ்தான், அதாவது கூப்பிட்டால் பறக்கத் தயாராகக் காத்திருக்கும் ட்யூட்டி. கூப்பிட்டதும் சீக்கிரம் வரவேண்டிய ஷார்ட் கால் ரிசர்வ் என்றால் 14 மணி நேரம் வரை போனும் கையுமாக இருக்கணும். காலை 4-க்கு ரிசர்வ் தொடங்கி மதியம் 12-க்கு டிரிப் (பறக்கும் வேலை) கொடுத்தால், காத்திருந்ததையும் சேர்த்து அதிகபட்சம் 16 மணி நேரம். இரவு 8-க்குள் ட்யூட்டி முடியணும். எதிர்பாராத தாமதமென்றால், கேப்டனும் சம்மதித்தால் 2 மணி நேரம் வரை நீட்டலாம்.