சி.பி.எல். எடுப்பவர்களுக்கு: பறப்பதைவிடத் தேதிகளைப் பிடிப்பதுதான் பாடு

இந்தியாவில் சி.பி.எல். என்னும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பும் பலரும் விமானம் ஓட்டுவதுதான் கடினம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார். காகிதங்களை எந்த வரிசையில் சேர்ப்பது, எது எப்போது காலாவதியாகும் என்பதைச் சொல்லித்தரத்தான் ஆள் கிடைப்பதில்லை. கடைசியில் விண்ணப்பம் போடும் நாளில் மெடிக்கல், தேர்வு முடிவுகள், பறந்த மணிகள், ஸ்கில் டெஸ்ட் (பரிசோதகர் முன் ஓட்டிக் காட்டும் தேர்வு) எல்லாமே ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று செத்திருந்தாலும் மறுபடி பணம், மறுபடி பறத்தல்.

தகுதி எளிது. லைசென்ஸுக்கு வயது 18. பயிற்சியைத் தொடங்க உதவும் மாணவர் லைசென்ஸான எஸ்.பி.எல்.லை 16 வயதிலேயே எடுக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறிவிட்டு வருவது வழக்கம். சொந்தமாகப் பறப்பதற்கான பிரைவேட் லைசென்ஸை (பி.பி.எல்.) எடுத்துவிட்டுத்தான் சி.பி.எல்.லுக்குப் போக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை.

முதல் வேலை மெடிக்கல். ஃபிளையிங் ஸ்கூலுக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே இதை முடியுங்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 மருத்துவச் சான்று. அது வந்தபின் கிளாஸ் 1. பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம், டெல்லியில் விமானப்படையின் மருத்துவ மையமான ஏ.எஃப்.சி.எம்.இ. போன்ற இடங்களில் பார்ப்பார்கள். ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ஆடியோமெட்ரி (செவித்திறன் சோதனை), கண் என்று வரிசையாக ஓடும். கண்ணாடி போட்டிருப்பது தடையே இல்லை. போட்டபின் பார்வை சரியாக இருந்தால் போதும், பறக்கும்போது கையில் இன்னொரு கண்ணாடி இருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் குறைபாடு அப்படியல்ல, மருந்தில் தீராது. ஆகவே பக்கத்துக் கண் டாக்டரிடம் நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். சில நூறு ரூபாயில் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சில லட்சம் கட்டியபின் தெரிந்துகொள்ளக் கூடாது.

பெரும்பாலும் மாட்டுவது சின்ன விஷயங்களில்தான்: கூடுதல் எடை, குறைந்த ஹீமோகுளோபின், ஸ்கேனில் தெரியும் சிறுநீரகக் கல், காதில் அடைத்த அழுக்கு. இவற்றுக்கு ‘தற்காலிகத் தகுதியின்மை’ போட்டு மீண்டும் வரச் சொல்வார்கள். அங்கே சில மாதங்கள் போகும். ஒரு மாதம் முன்பே வெளியில் அதே சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. ஆடியோமெட்ரிக்கு முந்தைய நாள் ஹெட்போனில் சத்தமாகப் பாட்டு வேண்டாம். காது களைத்திருந்தால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது கம்ப்யூட்டர் நம்பர், அதாவது தேர்வு எழுதுபவருக்கான பதிவு எண். டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுத இது வேண்டும். இதற்குப் பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களுக்கு அந்தந்த வாரியத்தின் சரிபார்ப்புக் கடிதம் கேட்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தலைவலி இதில் இருக்கிறது: இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் ‘கா. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் காத்தமுத்து’, ஆதாரில் ‘முருகன் கா’. டெல்லியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒன்றாக்கி வைத்தால் பாதி ஆட்சேபக் கடிதங்கள் வராது.

எழுத்துத் தேர்வில் ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிகல் ஜெனரல், பிறகு நீங்கள் ஓட்டும் விமானத்துக்கான டெக்னிகல் ஸ்பெசிஃபிக். எல்லாவற்றிலும் 70 சதவீதம் வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கொள்குறி வினாதானே என்று கொஸ்டின் பேங்க்கை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் ரெகுலேஷன்ஸில் தப்பிப்பார்கள், நேவிகேஷனில் விழுவார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 30 நாட்டிகல் மைல் போனபின் பாதையிலிருந்து 2 மைல் விலகியிருக்கிறீர்கள், இன்னும் 40 மைல் பாக்கி. அறுபதுக்கு ஒன்று விதிப்படி (60 மைலில் 1 மைல் விலகினால் 1 டிகிரி) விலகல் 4 டிகிரி. அதை மட்டும் திருத்தினால் பாதைக்கு இணையாகப் பறந்துகொண்டே இருப்பீர்கள், சேருமிடம் வராது. சேருமிடத்தை நோக்கித் திரும்ப இன்னும் 3 டிகிரி. மொத்தம் 7. இப்படிப்பட்ட கணக்கில் 4, 3, 7 மூன்றுமே விடைகளாகக் கிடக்கும். படம் போட்டுப் பார்க்கப் பழகியவர் மட்டுமே சரியானதைத் தொடுவார்.

டெக்னிகலிலும் அதே கதைதான். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் பனி பிடிப்பது குளிர்நாட்டுச் சங்கதி என்று விட்டுவிடக் கூடாது. ஈரப்பதம் அதிகமென்றால் 25 டிகிரி வெயிலிலும், பவரைக் குறைத்து இறங்கும்போது பிடிக்கும். பயிற்சி விமானமான செஸ்னா 152-இல் கார்புரேட்டர் ஹீட் குமிழ் அதற்காகத்தான் இருக்கிறது.

பேப்பர்களைப் பறக்கத் தொடங்கும் முன்பே முடித்துவிடுவது என் கட்சி. பறந்துகொண்டே படிக்கலாம் என்பார்கள். காலை ஐந்து மணிக்கு ஹேங்கருக்குப் போய்விட்டு மதியம் வருபவர் என்ன படிப்பார்?

விமான ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 2024-இன் பாரதீய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த அதிகாரமும் டி.ஜி.சி.ஏ.வுக்கு வந்தது. அறிவு இருந்தும் இதில் தோற்பவர்கள் உண்டு. ‘மேடே’ என்னும் ஆபத்து அழைப்பில் எதற்குப் பின் எது வரும் என்ற வரிசை வாயில் தானாக வர வேண்டும், அதற்குக் கண்ணாடி முன் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இனிப் பறத்தல். குறைந்தது 200 மணி. அதில் 100 மணி பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக. 20 மணி கிராஸ் கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் பறப்பது), அதில் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் முழுதாக இறங்கி நிற்க வேண்டும். கருவி பார்த்து ஓட்டியது 10 மணி, அதில் 5 மணிவரை சிமுலேட்டரில் காட்டலாம். இரவில் 5 மணி, பத்து ஏற்றம், பத்து இறக்கம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் சேர்த்து எடுப்பதானால் (எடுக்காமல் வேலை கிடைக்காது) கிராஸ் கன்ட்ரி 50 மணி, கருவி நேரம் 40 மணி ஆகிவிடும், அதில் 20 வரை சிமுலேட்டர். இதை முதலிலேயே கணக்கிட்டு மணிகளைப் பிரிக்கவில்லை என்றால் 200 முடிந்தபின் கூடுதலாகப் பறக்க வேண்டிவரும், அதுவும் தனிக் கட்டணத்தில்.

ஓராண்டில் முடியும் என்று விளம்பரம் சொல்லும். ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி மூடுபனி. மழைக்காலத்தில் தாழ்ந்த மேகம். செஸ்னா 172-க்கு ஓடுபாதைக்கு நேர்க்குறுக்கே வீசும் காற்றில் இறங்குவது 15 நாட் வரைதான் சோதித்துக் காட்டப்பட்டது, சோலோ மாணவருக்கு அதைவிடக் குறைவாகவே அனுமதிப்பார்கள். 100 மணி இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு விமானம் நின்றால் வரிசை நீளும். இரவுப் பறத்தலுக்கு டவர் திறந்திருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி போகும் எல்லா ஊரிலும் ஆவ்கேஸ் (இந்தச் சிறு விமானங்களின் எரிபொருள்) கிடைக்காது. ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை விமானம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதில் பயனில்லை. இன்று காலை எத்தனை பறந்தன, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள், இன்ஸ்ட்ரக்டர் எத்தனை பேர் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் டீக்கடையில் கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். ஸ்கில் டெஸ்ட், விடுதி, கூடுதல் மணி ஆகியவை கட்டணத்தில் சேர்ந்தவையா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய இழப்பு கடைசிக் கட்டத்தில் நடக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் பைலட் இன் கமாண்டாக 15 மணி இருக்க வேண்டும். பத்து இரவு இறக்கங்களும் ஸ்கில் டெஸ்ட்டுகளும் அதே ஆறு மாதத்துக்குள். 200 மணியும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். 195 மணி முடித்துவிட்டு ஆர்.டி.ஆர். முடிவுக்காக ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு, முடிவு வரும்போது இவை ஒவ்வொன்றாக உதிர்ந்திருக்கும். கிளாஸ் 1-உம் ஓராண்டுக்குத்தான். ஆர்.டி.ஆர். கைக்கு வரும்வரை கடைசி இருபது மணியையும் ஸ்கில் டெஸ்ட்டையும் தொடாமல் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

வெளிநாட்டில் பறந்துவிட்டு வருபவர்களுக்கு இந்திய கிளாஸ் 1, ஏர் ரெகுலேஷன்ஸ், நேவிகேஷனும் மெட்டியராலஜியும் சேர்ந்த ஒரே பேப்பர், ஆர்.டி.ஆர்., ஸ்கில் டெஸ்ட் ஆகியவை பாக்கி இருக்கும். அங்கே 250 மணி பறந்திருந்தாலும் இரவில் தனியாகச் செய்த பத்து இறக்கங்கள், 300 மைல் பயணம் ஆகியவை லாக்புக்கில் இல்லாமல் திரும்புபவர்கள் உண்டு. இந்தப் பட்டியலை அச்சடித்து அங்கேயே இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டிவிடுங்கள்.

லைசென்ஸ் வந்தபின் அதன் ஆயுள் பத்து ஆண்டு, 2023-இல் ஐந்திலிருந்து உயர்த்தினார்கள். ஆனால் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737-இல் உட்கார அந்த விமான வகைக்கென்றே தனியாக எடுக்கும் டைப் ரேட்டிங் வேண்டும், அதற்கும் பல லட்சம். எந்த ஏர்லைன் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரியாமல் முன்கூட்டியே டைப் ரேட்டிங் வாங்கி வைத்தால், பயன்படுத்தாமலே அதைப் புதுப்பிக்கச் செலவழிக்க நேரிடும்.