ஆற்றுக்கென்று ஓர் அலுவலகம்

நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் குடியேறி ஆறு ஆண்டுகள் கழித்து, இந்தத் தை மாதம் நொய்யல் கரையிலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். திண்ணையில் அமர்ந்திருந்த அப்புச்சி (அம்மாவின் அப்பா), காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, அங்க ஆத்த ஆரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டார். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்து, சாயத்தண்ணீர் பாய்ந்து தென்னைகள் கருகியதைக் கண்ணால் கண்டவர் அவர். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

நான் வாழும் ஊரில் உள்ளாட்சி, நகர மன்றம், மண்டல மன்றம் என இரண்டு அடுக்காக இருக்கிறது. இதை நான் தெரிந்துகொண்டது சாப்பாடு கொண்டுபோகும் ஒரு தூக்குப்போசியால். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதைப் பேருந்திலேயே மறந்துவிட்டு இறங்கி, நகர மன்ற அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெண்மணி ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் குடிநீர், சாக்கடை, குப்பை, நூலகம், உள்ளூர்ச் சாலை என்று எழுதி, இவை எங்களுடையவை என்றார். வலப்பக்கம் பேருந்து, ஆறு, மண், காற்று என்று எழுதி, இவை மண்டல மன்றத்துக்கு உரியவை என்றார். நான் நின்று பேருந்து ஏறிய நிழற்குடை நகர மன்றத்தைச் சேர்ந்தது. அதன் முன் வந்து நின்ற பேருந்து மண்டல மன்றத்தைச் சேர்ந்தது. 2021-இல் ஆக்லாந்துக்கு ரயில் விடத் தொடங்கியதும் மண்டல மன்றமே.

நியூசிலாந்தில் இத்தகைய மண்டல மன்றங்கள் 11 உள்ளன. 1989-இல் உள்ளாட்சி அமைப்பைச் சீர்திருத்தியபோது, இவற்றின் எல்லைகளைப் பெரும்பாலும் தண்ணீர் வடியும் திசையைப் பார்த்தே வகுத்தார்கள். எங்கள் வைகாட்டோ மண்டலம் 425 கிலோமீட்டர் ஓடும் வைகாட்டோ ஆற்றை ஒட்டி அமைந்தது. ரோட்டருவா மாவட்டத்தில் ஒரு பகுதியின் மழைநீர் இந்த ஆற்றுக்கு வருவதால் அப்பகுதி வைகாட்டோ மண்டலத்திலும், எஞ்சிய பகுதி பக்கத்து மண்டலத்திலும் இருக்கின்றன. ஆற்றுக்காக ஒரு மாவட்டத்தையே பிரிக்கலாம் என்று நினைத்த அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மன்றத்தின் துறைகளும் அப்படியே அமைந்திருக்கின்றன. வெள்ளக் கரைகளையும் மதகுகளையும் ஒரு பிரிவு பராமரிக்கிறது. ஒரு பிரிவு பூச்சி, களை, அயல் விலங்குகளைக் கட்டுப்படுத்துகிறது. பேரிடர்ப் பணிக்கும் படகுப் போக்குவரத்துக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் பிரிவு. வைகாட்டோ பால் பண்ணைகள் நிறைந்த பூமி. அங்கே மாட்டுத் தொழுவத்தைக் கழுவிய நீர் ஓடையில் கலந்துவிடாதபடி தேக்கிவைத்து, புல்வெளியில் அளவாகத் தெளிக்க வேண்டும். மீறுகிறவர்கள் மீது மன்றம் வழக்குத் தொடர்கிறது. பெருமளவில் தண்ணீர் எடுப்பவர்கள் மீட்டர் பொருத்திக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆற்றுக்கான திட்டத்தை எழுதுவதும், அனுமதி கொடுப்பதும், நீரை எடுத்துச் சோதிப்பதும், தவறியவரைப் பிடிப்பதும் ஒரே அலுவலகம்.

நம் நொய்யலோ வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என நான்கு மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேர்கிறது. அணை நீர்வளத் துறையிடம், சாயக்கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், மணல் கனிமவளத் துறையிடம், கரையோரக் குப்பை உள்ளாட்சிகளிடம் இருக்கின்றன. முழு ஆற்றையும் தன் பொறுப்பென்று சொல்ல ஒருவரும் இல்லாததால், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று.

கைப்பேசியில் இருந்த மண்டல மன்றத்தின் வரிச்சீட்டை அப்புச்சிக்குக் காட்டினேன். பேருந்துக்கு இவ்வளவு, களைக்கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு, வடிநிலத்துக்கு இவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்திருக்கும். வெள்ளக் கரையால் கூடுதல் பயன் பெறும் நிலத்துக்குக் கூடுதல் வரி. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும் என்பதையும், குடியுரிமை பெறாத என்னைப் போன்ற நிரந்தரவாசிகளுக்கும் அதில் வாக்கு உண்டு என்பதையும் சொன்னேன். உறுப்பினர்கள் நேரடியாக நியமிப்பது தலைமை நிர்வாகி ஒருவரை மட்டுமே; மற்ற ஊழியர்களை அவர் நியமிப்பார்.

"அதுல கடமடைக்காரனுக்கும் ஆளு உண்டா சாமி?"

"உண்டுங்க அப்புச்சி. மேல ஏரிக்கரைக்கும் மெம்பர் உண்டு, கீழ கடலோரத்துக்கும் உண்டு."

சிறிது நேரம் வாய்க்காலின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஞாயித்துக்கெழம வாய்க்காச் சங்கத்துக் கூட்டம் இருக்குது. நீயே வந்து இதயச் சொல்லு கண்ணு" என்றார்.