மேசையில் எத்தனை பேர்?

மலேசியாவில், நம் பள்ளியில் தமிழ் வகுப்பு என்றால் மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான். வகுப்பறை கிடைக்காத நாள்களில் கேண்டீனில் உட்காருவோம். 2000-இல் நான் படிவம் 4. டீச்சர் ஒருநாள் நாளிதழ்ப் படம் ஒன்றை மேசையில் விரித்தார். அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் சமாதானப் பேச்சு: அமெரிக்க அதிபர் கிளிண்டன், இஸ்ரேல் பிரதமர் பாரக், பாலஸ்தீனத் தலைவர் அராஃபத். "பெண்கள் எத்தனை பேர், எண்ணுங்க" என்றார். "படம் எடுத்தது பெண்ணா இருக்கலாம் டீச்சர்!" என்றாள் ஒருத்தி. டீச்சரே சிரித்துவிட்டார்.

அந்த அக்டோபர் 31-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1325-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரைத் தடுப்பதிலும் சமாதானப் பேச்சிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் சாரம். டீச்சர் விளக்கினார், எங்களுக்கு அந்த எண் மட்டும்தான் மனத்தில் நின்றது.

மறு ஆண்டு, ஆசிரியர் தின நடனத்தில் முன்வரிசை யாருக்கு என்று இரண்டு கட்சியானோம். ஜடையைப் பிடிப்பதற்கு முன்பே டீச்சர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். கோள் சொன்னது யார் என்று துருவினோம். கேண்டீனில் தட்டு கழுவும் அக்கா! "ஒண்ணா மீ கோரெங் சாப்பிட்ட பிள்ளைங்க ஒரு வாரமா தனித்தனி மேசையில உட்காருதுங்க" என்றாராம். ஐ.நா. அறிக்கைகளில் இதற்கு 'முன்னெச்சரிக்கை' என்று பேர். அக்காவிடம் யாரும் அறிக்கை கேட்டதில்லை, டீச்சரைத் தவிர.

2014 மார்ச் 27. மெல்பர்ன் வீட்டில் செய்தி பார்க்கிறேன். மணிலாவில் பிலிப்பீன்ஸ் அரசும் அதை எதிர்த்துப் போராடிய மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திடுகின்றன. அதற்கான பேச்சுகள் நடந்தது நம் கோலாலம்பூரில், மலேசியா இடைநின்று. நம் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ! அரசுத் தரப்பின் தலைவர் மிரியம் கொரொனெல்-ஃபெரர். கிளர்ச்சி இயக்கம் ஒன்றுடனான இறுதி உடன்பாட்டில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட உலகின் முதல் பெண் அவர். எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்த உடன்பாட்டின் இணைப்பில் இருந்த ஒரு சின்ன வரி: வளர்ச்சி நிதியில் குறைந்தது 5 விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கு. பேச்சில் 'பெண்கள் முக்கியம்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். காசை எண்ணி எழுதிவைப்பது வேறு.

செந்தூலில் இருக்கும் டீச்சருக்கு போன் போட்டேன். "எண்ணினேன் டீச்சர்."

"பார்த்தேன், பார்த்தேன். அந்தம்மாவும் வாத்தியார்தான், தெரியுமா? பல்கலைக்கழகத்துல அரசியல் சொல்லிக்கொடுக்கிறவங்க" என்றார், தன் கட்சி ஜெயித்த மாதிரி. அப்புறம் அரைமணி நேரம் முட்டிவலிக் கதை.