வாசலில் ஒரு சாக்பீஸ் பூ

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கொடுங்கையூர் குப்பைமேடு தெரியும். காற்று திரும்பினால் வாடையும் வரும். குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று தெருவில் இரண்டு வருடம் கெஞ்சினேன், யாரும் அசையவில்லை.

சரி என்று போன மாதம் பேச்சை நிறுத்திவிட்டு, ஆறு வீடுகளுக்கு ஆளுக்கொரு சின்ன பச்சை வாளி வாங்கிக் கொடுத்தேன். சிங்க் பக்கத்தில் வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். காய்கறித் தோலோடு கை தானாக அங்கே போகிறது. பிரித்துக் கொடுத்த வீட்டு வாசலில் சாக்பீஸால் ஒரு பூ வரைகிறேன். மூன்றாம் நாளே கீழ்வீட்டுப் பாட்டி, "எங்க வாசல்ல ஏம்மா பூ இல்ல?" என்று கேட்டுவிட்டார்!

ஈரம், உலர், அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்க 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. அப்புறம், சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். அதைத் தொடுவது தூய்மைப் பணியாளர் அக்காவின் கை.