இருபது வருஷமும் இருபது வருஷமாட்டும்

நாகர்கோவிலில் ஒரு மாடி அறை. வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். டியூட்டி முடிந்து நேராக வகுப்புக்கு வருபவர்கள்தான் அதிகம். கையில் சானிடைசர் வாசம்கூடப் போயிருக்காது. அறையின் சுவரில் பன்னிரண்டு கட்டம் போட்ட சார்ட் ஒன்று பல வருஷம் தொங்கியது. மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நாலு வகை. ஸ்கெட்ச் பேனாவால் நானே எழுதியது. இறந்த காலத்துக்குச் சிவப்பு.

இவர்கள் எழுதுவது ஓ.இ.டி., மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. அதில் ஒரு பகுதி கடிதம். நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கொடுத்துவிடுவார்கள். மொத்தம் 45 நிமிஷம், அதில் முதல் 5 நிமிஷம் படிக்க மட்டும். அதற்குப் பிறகு 180-லிருந்து 200 வார்த்தைக்குள் இன்னொரு டாக்டருக்கோ நர்சுக்கோ நோயாளியை ஒப்படைத்து எழுத வேண்டும். பிரிட்டன் போகிறவர்களுக்குக் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 350 மதிப்பெண் வேண்டும். எழுதுவதில் மட்டும் 300 போதும் என்று அங்குள்ள நர்சிங் கவுன்சிலே இறங்கி வந்திருக்கிறது. என் வகுப்பில் பலர் தடுக்கி விழுவதும் அந்த 300-ல்தான்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர். பதினோரு வருஷ ஐ.சி.யூ. அனுபவம். என்னைவிட நிதானமானவர். பயிற்சிக் கடிதத்தில் நோயாளியைப் பற்றி ‘ஹி ஸ்மோக்ட் ஃபார் ட்வென்டி இயர்ஸ்’ என்று எழுதியிருந்தார். நோட்ஸின்படி அந்த மனிதர் இன்னும் புகைக்கிறவர். நான் சிவப்பில் சுழித்து, “அவர் இப்பவும் பிடிச்சிட்டிருக்காரு சிஸ்டர், நீங்க நிறுத்த வெச்சுட்டீங்க” என்றேன்.

“நான் எங்க சாரே நிறுத்துனேன்? இருபது வருஷம்னு சரியாத்தானே எழுதியிருக்கேன்?”

எழுந்துபோய் சார்ட்டைக் காட்டினேன். முன்பு தொடங்கி இன்றுவரை நீடித்தால் ‘ஹேஸ்’ போட்டுச் சொல்ல வேண்டும், வெறும் ‘ஸ்மோக்ட்’ என்றால் முடிந்துபோனது. கோடு இழுத்தேன், அம்புக்குறி போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். புரிந்தால் ஒருவிதமாகவும், வீட்டுக்குப் பஸ் பிடிக்க நேரமானால் வேறுவிதமாகவும் தலை ஆடும். அன்றைக்கு ஆடியது இரண்டாவது விதம்.

மறுநாள் அந்த சிஸ்டர் பையை வைத்த கையோடு என்னிடம் வந்தார். “சாரே, ‘இருபது வருஷம் பீடி குடிச்சாரு’, ‘இருபது வருஷமாட்டு பீடி குடிக்காரு’. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே நேத்து ஒரு மணி நேரம் சொன்னீங்க?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. குமரி மாவட்டத்து ‘ஆட்டு’, மற்ற ஊர்களில் வெறும் ‘ஆ’. ‘மூணு நாள் காய்ச்சல்’ என்றால் வந்து போன காய்ச்சல். ‘மூணு நாளா காய்ச்சல்’ என்றால் இப்போது தொட்டுப் பார்த்தாலும் சுடும். எந்த ஓ.பி.யிலும் எந்த நர்சும் இதைத் தப்பாகக் கேட்டுக்கொண்டதில்லை. ஆங்கிலம் வினைச்சொல்லில் வைத்திருக்கும் வேறுபாட்டைத் தமிழ் நாள், வருஷம் என்ற சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. அந்த வால் இருந்துவிட்டால் வினை நிகழ்காலத்திலேயே இருக்கலாம். ‘ஹி இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்’ என்று நம்மவர்கள் எழுதுவதும் இதனால்தான். அது நல்ல தமிழ், ஆங்கில உடுப்பு மட்டும் போட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தை எத்தனையோ தாள்களில் அடித்திருக்கிறேன், எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சார்ட்டை அன்றைக்கே கழற்றிவிடவில்லை. செல்லோடேப் காய்ந்து ஒரு பக்கம் தொங்கியது. மறுபடி ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்தத் தப்பைப் பார்த்தாலும் இதற்குத் தமிழில் என்ன சொல்வோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. ‘டிட் நாட் வென்ட்’ இருக்கிறதே, அது எல்லா பேட்சிலும் உண்டு. ‘டிட் வந்தால் வென்ட் வராது’ என்று விதியாகச் சொன்னால் பரீட்சையில் சரியாக எழுதுவார்கள், வாயைத் திறந்தால் பழையபடி வென்ட். இப்போது இப்படிக் கேட்கிறேன்: “போனேன். இதையே இல்லைன்னு சொல்லுங்க.” “போகல.” “ஏன், ‘போனல’ன்னு சொன்னா என்ன?” வகுப்பே சிரிக்கும். ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றிவைத்துவிட்டு ‘போக’ என்று நிற்கிறது. ‘டிட்’ வந்ததும் வென்ட், கோ ஆகிவிடுவதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். நாக்குக்குப் பழக எப்படியும் இரண்டு வாரம் ஆகும். ஆனால் ‘போனல’ என்று முணுமுணுத்துத் தங்களையே திருத்திக்கொள்கிறார்கள்.

கோ எப்படி வென்ட் ஆகும் என்று ஒரு பெண் கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம். வென்ட் என்பது உண்மையில் வேறொரு வினையின் இறந்த காலம். கோ-வின் சொந்த இறந்த காலம் வழக்கொழிந்துபோக, அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. இதைச் சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை. “அழு என்றால் அழுதேன், உழு என்றால் உழுதேன், தொழு என்றால் தொழுதேன். அப்போ விழு என்றால்?” என்றேன். விழுந்தேன். எழு, எழுந்தேன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியானது. முப்பது வருஷமாகப் பேசும் மொழிக்குள் இப்படி ஒன்று இருப்பதை அப்போதுதான் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் இப்படி ஒழுங்கில்லாத வினைகள் ஏறக்குறைய 200. அதில் ஒரு வார்டில் தினமும் புழங்குவது ஐம்பதைத் தாண்டாது என்பது என் கணக்கு.

அடுத்தது, நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடமான வாக்கியம்: டாக்டர் வருவதற்கு முன்பே பேஷன்ட் இறந்துவிட்டிருந்தார். ‘ஹேட்’ பற்றிய பாடத்துக்கு அதுதான் உதாரணம். இதை நர்சுகளிடம் சொன்னேன் பாருங்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏன் சாரே, எல்லா கிராமர் புஸ்தகத்திலயும் பேஷன்ட் சாவாரு? டாக்டர் வர்றதுக்குள்ள நாங்க என்ன சும்மாவா நின்னோம்?”

அவர் கேட்டதில் இலக்கணமும் இருந்தது. நர்ஸ் சார்ட்டில் எழுதும்போது 06.00, 06.20, 06.45 என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறார். வரிசை மாறாதவரை ‘ஹேட்’டுக்கு அங்கே வேலை இல்லை. ‘பிஃபோர்’ என்ற சொல் இருந்துவிட்டாலும் எது முந்தியது என்று அதுவே சொல்லிவிடும். பின்னால் நடந்ததைச் சொல்லிவிட்டு முன்னால் நடந்ததற்குத் திரும்பும்போதுதான் ‘ஹேட்’ உதவுகிறது. இவர்களோ ‘ஐ ஹேட் கான் டு சென்னை எஸ்டர்டே’ என்று எங்கும் தூவுவார்கள். காரணம் ‘நேத்து சென்னை போயிருந்தேன்’. தமிழில் அது குறையில்லாத வாக்கியம். போய் வந்தாகிவிட்டது என்பது உட்பொருள், முன்பின் கணக்கெல்லாம் அதில் இல்லை. ‘இருந்தேன்’ என்று வந்தாலே ‘ஹேட்’ என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோவில் நானும் ஒருவன்.

தமிழ் எப்போதும் கைகொடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை பார்க்கும்போது நான் நோயாளியாக நடித்து மணியடித்தால், ஒரு சிஸ்டர் கற்பனைக் குழாயில் கை கழுவிக்கொண்டே ‘ஐ ஹேவ் கம்’ என்பார். ‘இதோ வந்துட்டேன்’ என்பதன் மொழிபெயர்ப்பு. ஆள் இன்னும் வந்தபாடில்லை, வினை வந்து சேர்ந்துவிட்டது. விரைவு போன்ற காரணங்களால் காலம் இப்படி இடம் மாறி வரலாம் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் அனுமதித்திருக்கிறார். ஓ.இ.டி. தேர்வாளர் அனுமதிக்க மாட்டார்.

அதைவிடச் சிக்கல் ‘சாப்பிடல’. இரவு எட்டு மணிக்கு டியூட்டி மாறும்போது “ஏழாம் பெட் பேஷன்ட் சாப்பிடல” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னும் சாப்பிடவில்லையா? கொடுத்தும் மறுத்துவிட்டாரா? காலையில் சாப்பிடவில்லை என்கிறார்களா? ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்க முடியாது, ‘டிட்’டா ‘ஹேஸ்’ஸா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். வார்டில் இருக்கும்போது இது ஒரு குறையாகவே தோன்றாது, திரும்பி ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். கடிதத்திடம் திரும்பிக் கேட்க முடியாது. சர்க்கரை நோயாளியாக இருந்து, இன்சுலின் போட்டாகிவிட்டது என்றால், சாப்பிட்டாரா இல்லையா என்பது இலக்கணப் பிரச்சினையே இல்லை என்று அவர்களே எனக்குச் சொன்னார்கள். இந்த இடத்தில் எந்த ஒப்புமையும் உதவவில்லை. திரும்பத் திரும்ப எழுத வைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் மருத்துவமனையை மறந்துவிட்டு ஏதாவது எழுதச் சொல்வதுண்டு. ஒரு சனிக்கிழமை, சின்ன வயசைப் பற்றிப் பத்து வரி. அந்த மார்த்தாண்டம் சிஸ்டரின் மூன்றாவது வரி: ‘மை ஃபாதர் வில் கிளைம்ப் தர்ட்டி பாம் ட்ரீஸ் எவ்ரி மார்னிங்’.

அவர் அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. முதல் நாள் அறிமுகத்தின்போதே சொல்லியிருந்தார். ‘அப்பா தினமும் முப்பது பனை ஏறுவாரு’ என்பதைத்தான் எழுதியிருக்கிறார். நாளைக்கு ஏறப்போவதற்கும் ஏறுவாரு, என்றைக்கோ ஏறிக்கொண்டிருந்ததற்கும் ஏறுவாரு. குளத்தில் குளிப்போம், திருவிழாவுக்கு நடந்தே போவோம் என்று பழைய வழக்கங்களையெல்லாம் நாம் எதிர்கால வினையில்தான் சொல்கிறோம். நான் ‘வில்’லை அடித்துவிட்டு மேலே ‘யூஸ்டு டு’ என்று எழுதினேன்.

“அப்படி எழுதினா இப்ப இல்லன்னு அர்த்தம் வருமா சாரே?”

“ஆமா.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘வுட்’ என்றும் எழுதலாம், ‘வில்’ மாதிரியே இருக்கும், இறந்த காலம் மட்டும் ஏறியிருக்கும் என்றேன். யூஸ்டு டு என்றால் அந்த வழக்கம் நின்றுபோனது தெரியும். வுட் அதை அவ்வளவு அழுத்திச் சொல்லாது, அப்போதெல்லாம் அப்படி நடக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பேனாவை எடுத்து என் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, நீலத்தில் ‘வுட்’ என்று எழுதினார்.

அடுத்த வரி அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும் அம்மாவைப் பற்றியது. அதிலும் ‘வில்’ தான். அம்மா இப்போதும் காய்ச்சுகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.